தாயம் விழாத நேரம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல வீடுகளில் ஒரே குரல்தான்: "அம்மா, இன்னும் ஒரே ஓர் ஆட்டம்!" வியூகமும் தற்செயலும் கலந்த கணினி விளையாட்டுகள் பிள்ளைகளை அவ்வாறு ஈர்க்கின்றன. ஆனால், இக்கலவை கணினி தந்த புதுமையன்று. நமக்கு மிகப் பழையது.

தொல்காப்பிய எழுத்ததிகாரம், 'வல்' என்னும் சூதுக்கருவியின் பெயர் 'நாய்', 'பலகை' ஆகிய சொற்களோடு புணரும் முறையைக் கூறுகிறது. இங்கே நாய் என்பது ஆடுகாய். இலக்கணம் விதி வகுக்கும் அளவுக்கு அவ்வாட்டம் வழக்கில் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கையிலும் பகடையும் ஆட்டக்காய்களும் இடம்பெற்றுள்ளன.

இம்மரபில் வருவது தாயம். தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். அவற்றில் 0, 1, 2, 3 எனப் புள்ளிகள். இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 வகையாக விழலாம். அவற்றுள் ஒன்று எனும் தாயம் விழுவது 2 வகையில் மட்டுமே. அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது. எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதோர் ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்கிறது கணக்கு. பிள்ளையின் சலிப்புக்கு இதுவே காரணம்.

ஈர்ப்புக்கும் இதுவே காரணம். பல்லாங்குழியிலும் மலாய்க்காரரின் சோங்காக்கிலும் பகடை இல்லை. கணக்கில் வல்லவரே வெல்வார். தாயத்திலோ பேரன் தாத்தாவை வெல்லலாம். எனினும், விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, பாதுகாப்பான கட்டத்தில் ஒதுங்குவதா என்பது ஆடுபவரின் அறிவைப் பொறுத்தது.

1980-இல் வந்த 'ரோக்' ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிய நிலவறையை அமைத்துத் தந்தது. 1991-இல் சிட் மையர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' உலக நிலப்படத்தையே மாற்றி மாற்றிக் காட்டியது. மூன்றுக்கு ஒன்று என வாய்ப்பு தம் பக்கம் இருந்தும் தோற்கும்போது, ஆட்டக்காரர்கள் அதை அநீதியாகவே கருதினர் என்று மையர் 2010-இல் ஓர் உரையில் கூறினார். நான்கில் ஒரு முறை தோற்பதும் அக்கணக்கில் அடங்கியதே என்பதை மனம் ஏற்பதில்லை.

இங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூது அதிகாரத்தை வைத்தார். சூதில் பெறும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் இரை போன்றது என்றார். காசு கொடுத்து வாங்கி, உள்ளே இருப்பது அறியாமல் திறக்கும் 'பரிசுப் பெட்டிகள்' இன்று பல விளையாட்டுகளில் உள்ளன. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளில் அவற்றைச் சட்டத்துக்குப் புறம்பானவை என அறிவித்தது. பகடை இருப்பதால் மட்டும் ஆட்டம் சூதாகிவிடாது. பந்தயப் பணம் புகும்போதே ஆகிறது.

ஆகவே, பிள்ளை தோற்று வரும்போது "வென்றாயா?" என்று கேட்பதைவிட, "அந்த எண் விழுந்தபோது எந்தக் காயை நகர்த்தினாய், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். விழும் எண் நம் கையில் இல்லை. நகர்த்தும் காய் நம் கையில்தான் இருக்கிறது. இதை உணர்ந்த பிள்ளை, தேர்வுத் தாளையும் கலங்காமல் எதிர்கொள்ளும்.