கறுப்பு பெல்ட்டில் ஒரு வெள்ளைக் கோடு

சண்டைக்குத் தயாராவதைத் தமிழில் உடையை வைத்தே சொல்லிவந்திருக்கிறோம். வரிந்து கட்டுவது, கச்சை கட்டுவது என்பவை ஆணுக்கு. பெண் என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள் என்போம். கச்சைக்குக் கிடைக்கிற வீரம் முந்தானைக்குக் கிடைப்பதில்லை. அந்தத் தொடரில் எப்போதும் கொஞ்சம் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சண்டைக்கென்றே தனி உடையும், அந்த உடைக்கென எழுதப்பட்ட விதிகளும் உள்ள கலை ஒன்றில் பெண்ணுடல் எப்படி வைக்கப்பட்டது என்று பார்ப்பதற்கு ஜப்பானின் ஜூடோ நல்ல இடம்.

ஜூடோவின் சுத்தம் பற்றிய விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கைகால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடை துவைத்து, உலர்ந்து, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். நீண்ட முடியைக் கட்ட வேண்டும், ஆனால் உலோகக் கிளிப் கூடாது. நகை கூடாது. பயிற்சி விரிப்பில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். விரிப்பைவிட்டு இறங்கியதும் செருப்பு போட வேண்டும், அப்போதுதான் கழிவறைத் தரையின் அழுக்கு விரிப்புக்கு வராது. இந்த விதிகள் எனக்குப் பிடித்தமானவை. ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் எதிரே நிற்பவரின் உடலை நினைத்து எழுதப்பட்டவை. என் நகம் உன் கழுத்தைக் கீறக்கூடாது, என் தோலின் படர்தாமரை உனக்கு ஒட்டக்கூடாது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஜப்பானிய ஜூடோ மாணவர்களிடையே தலைத்தோலைப் பிடிக்கும் பூஞ்சைத் தொற்று பரவியதை நினைத்தால் இது வெறும் ஒழுங்கு அல்ல என்பது புரியும். இந்த விதிகளுக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது.

சுத்தத்திலிருந்து உடைக்கு வரும்போதுதான் விதிப்புத்தகம் இரண்டு உடல்களைப் பார்க்கத் தொடங்குகிறது. சர்வதேசப் போட்டிகளில் ஆண் மேலங்கிக்குள் எதுவும் அணியக்கூடாது. பெண் வெள்ளை டி-சர்ட்டோ உடலை ஒட்டிய உள்ளாடையோ கட்டாயம் அணிய வேண்டும். மேலங்கியின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுப்பதே ஆட்டமாக இருக்கும் ஒரு கலையில் இது நியாயமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த உடை யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதையும் அந்த டி-சர்ட் சொல்லிவிடுகிறது. மேலங்கி திறந்துகொண்டால் கவலைப்பட வேண்டாத உடல் ஒன்றை மனதில் வைத்துத் தைத்த உடை அது.

கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஆரம்பகால மேலங்கியின் கை குட்டை, காற்சட்டையும் குட்டை. முழங்கையும் முழங்காலும் உராய்ந்து புண்ணாகின. 1907 வாக்கில்தான் இரண்டும் நீளமாயின. பெண்களுக்குக் கற்பிக்கக் கானோ தயங்கவில்லை. 1893இலேயே அஷியா சுயேகோ என்ற பெண் அவரிடம் பயின்றார். கோடோகானில் பெண்கள் பிரிவு முறையாகத் தொடங்கியது 1926இல். ஆனால் பயிற்சிக்கூடம் தனி, பாடமும் வேறு. போட்டி கிடையாது. பெண்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கப்பட்டது ‘ஜூ நோ கத்தா’ என்ற மென்மையான அசைவு வரிசை. உடையைப் பிடிக்காமல், யாரையும் முழுவதுமாகத் தூக்கி எறியாமல் செய்யக்கூடியது. அதனால் அதற்குப் பயிற்சி உடைகூடத் தேவையில்லை, வீட்டில் உடுத்தும் உடையிலேயே செய்யலாம். அழகான வரிசை அது, கடினமானதும்கூட. சண்டை உடை வேண்டாத பகுதி பெண்களின் பங்காக அமைந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த வரிசையை உலகெங்கும் கொண்டுபோனவர் ஃபுகுடா கெய்கோ. 1913இல் பிறந்தவர். இவருடைய தாத்தா கானோவுக்கே ஜூஜுட்சு கற்றுக்கொடுத்தவர். அந்த உறவை நினைத்துக் கானோ இவரை அழைக்க, 1935இல் சேர்ந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். 1953இல் ஐந்தாம் டான் பெற்றார். அதற்கு மேல் பெண்களுக்குத் தரம் கிடையாது என்பதால் 1972 வரை அங்கேயே நின்றார். இந்த ஆண்டுகளிலெல்லாம் கறுப்பு பெல்ட் வாங்கிய பெண்ணின் பெல்ட்டில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆணின் பெல்ட் முழுக் கறுப்பு. நகம் வெட்டு என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கோடு யாருடைய கழுத்தையும் காப்பாற்றவில்லை, எந்தத் தொற்றையும் தடுக்கவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இவள் பெண் என்று சொல்வதைத் தவிர அதற்கு வேலையே இல்லை. நம் ஊரில் சிலரை அடையாளம் காட்ட உடையில் என்னென்ன கட்டாயங்கள் இருந்தன என்பதைப் படித்தவர்களுக்கு இந்தக் கோட்டின் மொழி எளிதில் புரியும்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக, பெண் என்று தெரியாமல் உடுத்திக்கொண்டால்தான் ஆட முடிந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ரீனா கிளிக்மன், பிற்காலத்தில் ரஸ்டி கனோகோகி என்று அறியப்பட்டவர், 1959இல் ஒய்எம்சிஏ நடத்திய மாநில ஜூடோ போட்டியில், காயம்பட்ட ஆண் வீரருக்குப் பதிலாக இறங்கினார். மார்பை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டார். வென்றார். பதக்கம் கொடுத்தபின் அழைத்து, நீ பெண்ணா என்று கேட்டார்கள். ஆம் என்றார். பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. பொய் சொல்லியிருந்தால் பதக்கம் மிஞ்சியிருக்கும். 1962இல் கோடோகானுக்குப் போனார். பெண்கள் பிரிவு போதாமல், ஆண்களோடு பயிற்சி பெற அனுமதிக்கப்பட்டார். பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை 1980இல் நியூயார்க்கில் நடத்தத் தன் வீட்டையே அடமானம் வைத்தார். ஆண்கள் ஜூடோ 1964லேயே ஒலிம்பிக்கில் இருந்தது; பெண்கள் ஜூடோ பதக்கத்துக்குரிய ஆட்டமானது 1992 பார்சிலோனாவில். பறித்த பதக்கத்துக்கு ஈடாக ஒய்எம்சிஏ அவருக்கு ஒரு பதக்கம் அளித்தது 2009இல். அந்த ஆண்டே அவர் இறந்தார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியா முதன்முறையாகப் பெண்களை அனுப்பியது, இரண்டே பேரை. ஒருவர் 16 வயது வோஜ்தான் ஷஹர்கானி, ஜூடோ. தலையை மூடாமல் ஆடக்கூடாது என்றது அவருடைய நாட்டுத் தரப்பு. மூடினால் கழுத்து நெரிபடும் ஆபத்து, கூடாது என்றது ஜூடோ சம்மேளனம். அந்தப் பெண்ணின் தலையைப் பற்றி இரு தரப்பும் பேசி முடித்து, நீச்சல் தொப்பி போன்ற ஒன்றுக்கு ஒத்துக்கொண்டன. அவர் ஆட்டம் 82 விநாடிகளில் தோல்வியில் முடிந்தது. உலகம் பார்த்ததெல்லாம் தொப்பியைத்தான்.

இதில் வெள்ளை நிறம் தனிக்கதை. மாதவிடாய் நாட்களில் வெள்ளைக் காற்சட்டையில் கால் அகட்டி நிற்கச் சொன்னால் ஒரு பெண் என்ன நினைப்பாள் என்று ஆண் பயிற்சியாளருக்குத் தோன்றுவதில்லை. இங்கே கராத்தே வகுப்புக்குப் போகும் என் மாணவிகள் அந்த நாட்களில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஜூடோவில் 1990களின் பிற்பகுதியில் நீல உடை வந்தது. அதுவும் இருவரையும் பிரித்துப் பார்க்க நடுவருக்கும் தொலைக்காட்சிக்கும் வசதி என்பதற்காக.

சுத்தம் வேறு, தீட்டு வேறு என்பதை ஜப்பானே 2018இல் காட்டியது. மைசுரு நகரில் சுமோ மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் சுருண்டு விழ, பெண்கள் ஓடிப்போய் மார்பை அழுத்தி முதலுதவி செய்தார்கள். பெண்கள் மேடையைவிட்டு இறங்க வேண்டும் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. பிறகு மேடையில் உப்பு தூவப்பட்டது. சுமோ சங்கத் தலைவர் மன்னிப்பு கேட்டார். மேடை இன்னும் பெண்களுக்கு இல்லை.

ஜூடோவில் அந்த அளவுக்கு இல்லை என்பது ஆறுதல். ஃபுகுடாவுக்கு 2011இல், 98ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் வழங்கியது. கோடோகான் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தது. 2013இல் அவர் காலமானார். வெளிநாட்டுப் போட்டிகளில் ஏற்கெனவே கைவிடப்பட்டிருந்த வெள்ளைக் கோட்டை ஜப்பானிய ஜூடோ சம்மேளனம் தன் போட்டிகளிலிருந்து நீக்கியது 2017இல்.