பர்கூர் காலேஜும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து காலேஜும்

மே மாசம் வந்தா எங்க மத்தூர் பக்கம் ரெண்டு பேச்சுதான். ஒண்ணு மாங்கா விலை, இன்னொண்ணு ப்ளஸ் டூ மார்க். சென்னையில இருந்து என் பதிவுகளைப் படிக்கிற ஒரு நண்பர் போன்ல கேட்டார்: "பெங்களூரு உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்க அத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. உங்க ஊர் பசங்க ஏன் பர்கூர், சேலம், தர்மபுரின்னு போறாங்க?"

நல்ல கேள்விதான். தக்காளி விக்க, வேலைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு பெங்களூருதான். ஆனா நாலு வருஷப் படிப்புன்னு வந்தா ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்கு முன்னாடியே நின்னுடறோம். அதுக்கு நாப்பது வருஷக் கதை இருக்கு.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சது 1986ல. அப்ப எங்க ஜனங்களுக்கு இன்ஜினியர்னா பி.டபிள்யூ.டி. ஜீப்புல வர்றவர்தான். அரசாங்க காலேஜ் விரல் விட்டு எண்ணலாம். சென்னை கிண்டி காலேஜ் 1794ல நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்சது. கோயம்புத்தூர்ல 1945, காரைக்குடியில 1952, சேலத்துல 1966. எங்களுக்குக் கிட்டக்க இருந்தது சேலம்தான்.

1984ல எம்.ஜி.ஆர். ஆட்சியில ரெண்டு காரியம் நடந்தது. சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தாங்க. நுழைவுத் தேர்வும் கொண்டு வந்தாங்க. முதல் காரியத்தால சீட்டு பெருகிச்சு. ஓசூர்லயே அந்தப் பத்து வருஷத்துக்குள்ள தனியார் இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன்னு கம்பெனிகளும் அங்க அதே காலத்துல வந்ததுதான். ரெண்டாவது காரியம் எங்களுக்குக் கஷ்டமாப் போச்சு. நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் வேணும். கோச்சிங் சேலத்துலயும் சென்னையிலயும் இருந்தது, மத்தூர்ல இல்ல.

1991ல ஜெயலலிதா அம்மா எங்க பக்கத்து பர்கூர் தொகுதியில ஜெயிச்சு முதலமைச்சர் ஆனாங்க. 1994ல பர்கூர்ல அரசு பொறியியல் கல்லூரி வந்தது. முதலமைச்சர் தொகுதிங்கறதால வந்ததுன்னுதான் இன்னைக்கும் எங்க ஊர்ல பேசிக்கறாங்க. 1996ல அதே தொகுதியில அவங்க தோத்துட்டாங்க. காலேஜ் நின்னுடுச்சு. எந்தக் கட்சிக்காரங்க வீட்டுப் பிள்ளையானாலும் அங்க படிக்குது.

1997ல ஒற்றைச் சாளர கவுன்சிலிங். ஒவ்வொரு காலேஜா பாரம் வாங்கி அலையற வேலை போச்சு. தர வரிசைப்படி கூப்பிடுவாங்க. எந்த காலேஜ்ல எந்தப் பிரிவு மீதி இருக்குன்னு திரையில காட்டுவாங்க. பையனே கை காட்டி எடுத்துக்கலாம். ஆனா அதுக்கு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போகணும். எங்க அண்ணன் தன் பையனைக் கூட்டிட்டு கிருஷ்ணகிரியில ராத்திரி பஸ் ஏறிப் போனார். காலேஜ் பேரைத் தவிர அவருக்கு வேற எதுவும் தெரியாது. ஹாஸ்டல் இருக்கா, பஸ் இருக்கா, பாஸ் ஆனவங்க எத்தனை பேர்னு வரிசையில நின்ன மத்த அப்பாக்களைத்தான் கேட்டார். 2018ல எல்லாம் ஆன்லைன் ஆனப்பறம் அந்த அலைச்சல் இல்ல.

நுழைவுத் தேர்வை ரத்து பண்ணின சட்டம் 2007ல அமலுக்கு வந்தது. அதுல இருந்து ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்கு கட் ஆஃப். கிராமத்துப் பிள்ளைக்கு விடிவு வந்துச்சுன்னு நினைச்சோம். பாதிதான் வந்தது. கோச்சிங்குக்குப் போன காசு ஹாஸ்டல் ஸ்கூலுக்குத் திரும்பிச்சு. எங்க பக்கத்து ஊத்தங்கரையும் அந்தப் பக்கம் நாமக்கல்லும் மார்க்குக்குப் பேர் போன ஊர் ஆச்சு. ரெண்டு வருஷமும் பன்னெண்டாவது பாடத்தையே ஓட்டற பழக்கம் வந்துச்சு. அதைத் தடுக்கத்தான் 2017-18ல பதினொண்ணாவதுக்கும் பொதுத் தேர்வு வெச்சாங்க. காசு இருக்கிற விவசாயி நிலத்தை அடமானம் வெச்சு அந்த ஸ்கூல்ல சேர்த்தான். இல்லாதவன் பிள்ளை அரசுப் பள்ளியிலயே இருந்தது.

பீஸ் கதை தனி. எங்க மாங்கா பெரும்பாலும் கூழ் பேக்டரிக்குப் போற பெங்களூரா ரகம். காய் இறங்கறதும் காலேஜ் பீஸ் கட்டறதும் ஏறக்குறைய ஒரே நேரம். விலை விழுந்தா சீட்டு கிடைச்சும் கட்ட முடியாது. 2010ல குடும்பத்துல முதல் பட்டதாரின்னா கல்விக் கட்டணச் சலுகைன்னு கலைஞர் ஆட்சியில வந்தது. வருமானம் பார்க்கல. கவுன்சிலிங்ல எடுத்த சீட்டுக்கு மட்டும். 2021ல அதைவிடப் பெரிய சட்டம் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புல 7.5 சதவீதம் தனி இடம். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டும். மாங்கா என்ன விலை போனா என்ன, பிள்ளை படிச்சு முடிச்சிடும்.

இப்ப நண்பர் கேட்ட கேள்விக்கு வர்றேன். மேலே சொன்ன எதுவும் அத்திப்பள்ளி தாண்டினா கிடையாது. நம்ம 69 சதவீத இடஒதுக்கீடு அங்க இல்ல, நம்ம சாதிச் சான்றிதழை அங்க நீட்ட முடியாது, முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. கர்நாடக அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்குப் பொதுவா 7 வருஷம் அந்த மாநிலத்துல படிச்சிருக்கணும். மீதி இருக்கறது தனியார் காலேஜ்ல லட்சக்கணக்குல கட்டற சீட்டுதான். அதனாலதான் நாங்க எல்லைக்கு இந்தப் பக்கமே பார்க்கறோம்.

ஆனா இந்த எல்லை எங்களையே வெட்டற இடமும் ஒண்ணு இருக்கு. 7.5க்கு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். எங்க தெருவுல ஒரு குடும்பம். மழை இல்லாத வருஷத்துல பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாங்க. பொண்ணு ஆறும் ஏழும் அங்க ஒரு அரசுப் பள்ளியில படிச்சது. திரும்பி வந்து எட்டுல இருந்து இங்க அரசுப் பள்ளி. நல்ல கட் ஆஃப் எடுத்தது. அந்த ரெண்டு வருஷத்தால 7.5 இல்லேன்னு ஆயிடுச்சு. பொதுக் கவுன்சிலிங்ல முதல் பட்டதாரி சலுகையோட சேர்ந்து படிக்குது. ஹாஸ்டல் காசுக்கு அவங்க அப்பா இன்னும் பெங்களூருல மூட்டை தூக்கறார்.

சட்டத்தைக் குறை சொல்லல. வசதியானவன் கடைசி ரெண்டு வருஷம் அரசுப் பள்ளிக்கு மாறி அந்த இடத்தை எடுத்துக்கக் கூடாதுன்னுதான் அப்படி எழுதியிருக்காங்க. ஆனா பஞ்சம் பொழைக்கப் போனவன் பிள்ளை வெளி மாநில அரசுப் பள்ளியில படிச்சதையும் கணக்குல எடுத்தா தப்பில்லன்னு எனக்குப் படுது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, மத்தூர்னு எல்லை ஓரத்துல இப்படி எத்தனையோ வீடு இருக்கு.

உங்க அப்பார்ட்மெண்ட்டுல வேலை செய்யற, வெளியூர்ல இருந்து வந்த குடும்பம் யாராவது இருந்தா ஒண்ணு மட்டும் கேளுங்க. பிள்ளை எந்த வகுப்பு, எந்த மாநிலத்துப் பள்ளி? தமிழ்நாட்டுக்காரங்களா இருந்து, அஞ்சாவது முடிக்கற பிள்ளைன்னா, பாட்டி வீட்டுல விட்டாவது ஊர்ல ஆறாவது சேர்க்கச் சொல்லுங்க. காலேஜ் தேர்வு எங்களுக்கு பதினேழு வயசுல நடக்கறதில்ல, பதினொரு வயசுலயே நடந்துடுது.