கிந்தா கெல்லாஸ் தோட்டம்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் உலகறிந்தது. அதன் செல்வத்தைப் பேசுவோர் ஈப்போ நகரின் மாளிகைகளைச் சுட்டுவர். பத்து காஜாவை அடுத்த கிந்தா கெல்லாஸ் தோட்டத்து மக்களை நினைப்போர் மிகச் சிலரே.

ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி சுமித் என்பார் இங்குக் காடழித்து ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களே அவர் தோட்டத்தில் உழைத்தனர். 1915இல் அவர் பெருமாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அதற்கெனச் சென்னையிலிருந்து கைவினைஞர்களும் வரவழைக்கப்பட்டனர்.

அவ்வேளையில் உலகை வாட்டிய நச்சுக்காய்ச்சல் தோட்டத்திலும் புகுந்து பலரை மாய்த்தது. எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர். சுமித்தும் இசைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அக்கோயிலின் மேற்புறத்தில், தெய்வத் திருவுருவங்களிடையே, ஐரோப்பிய உடையில் அவரது உருவமும் அமைந்துள்ளது.

1926இல் சுமித் லிஸ்பனில் காலமானார். மாளிகை முற்றுப்பெறவில்லை, தோட்டமும் கைமாறியது.

இன்று அம்மாளிகையைக் காணப் பயணியர் திரளுகின்றனர். முதலாளியின் பிறப்பும் இறப்பும் ஏட்டில் உள்ளன. நோயில் மாண்ட தொழிலாளரின் பெயர்களோ அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. தோட்டத்து முதியோரின் நினைவுகளைக் கேட்டெழுதும் பணி, தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடனாகும்.