ஓர் அடுப்பு, இரண்டு சட்டி

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையை ஒட்டி ஒரு வாடகை வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அவர் அருந்ததியர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. அவருடைய துணைவி இந்தப் பக்கத்து இடைநிலைச் சாதி ஒன்றில் பிறந்தவர், நூல் மில்லுக்குப் போகிறார். சாதி மறுப்புத் திருமணம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வீட்டாரும் இன்னும் வாசல் மிதிக்கவில்லை. அடையாளம் தெரியும்படி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அந்த வீட்டில் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயம்தான். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை அவர் மாட்டுக்கறி எடுத்து வந்தார். "கறி வேணாங்கலீங்க, அந்தக் கறி வேணாங்கறேன்" என்றார் அந்தப் பெண். கொஞ்ச நாள் இரண்டு சட்டியில் சமையல் நடந்தது. அப்புறம் கணக்கு பேச ஆரம்பித்தது. இரண்டு குழம்பு வைத்தால் சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது, இரண்டு தாளிப்புக்கு இரண்டு மடங்கு எண்ணெய். மாதக் கடைசியில் மளிகைக் கடைப் பாக்கி ஏறுகிறது. ஒரே குழம்பாக வைத்தால் மிச்சம். இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். மாட்டுக்கறிச் சட்டி பரணுக்குப் போனது.

சிக்கனம் என்று பார்த்தால் சரியான முடிவு. என்னை உறுத்தியது வேறு. சாதி மறுப்புத் திருமணம் செய்த எத்தனையோ வீடுகளுக்கு வேலை நிமித்தம் போயிருக்கிறேன். "செலவு கட்டவில்லை" என்று ஒரு சட்டி பரணுக்குப் போன வீடுகளில், அநேகமாக எப்போதும் போனது தலித் துணையின் சட்டிதான். கணக்கு என்பது சாதி தெரியாத ஒன்று என்றால், ஒரே பக்கமாகவே ஏன் சாய்கிறது? இந்த வட்டாரத்தின் பழைய கதைகளைப் புரட்டினால் பதில் கிடைக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கறி மீன் சாப்பிடாதவரைத் தமிழில் சைவம் என்கிறோம். சைவம் ஒரு சமயத்தின் பெயர். அதைச் சாப்பாட்டின் பெயராக்கி, மற்ற எல்லோரையும் அசைவம் என்று எதிர்மறையில் நிறுத்திவிட்டோம். மாதிரிப் பதிவு முறையின் 2014ஆம் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் புலால் உண்ணாதவர்கள் சுமார் 2 சதவீதம். நூற்றில் இரண்டு பேரின் வழக்கத்துக்கு நேரான பெயர், தொண்ணூற்றெட்டு பேருக்கு "அ" போட்ட பெயர். வேடிக்கையாக இல்லையா?

சேலம், நாமக்கல் சமவெளியில் சண்டை சைவத்துக்கும் அசைவத்துக்கும் இடையே அல்ல. பள்ளிபாளையம் சிக்கன் என்று ஒரு பதார்த்தம் மாநிலம் முழுக்கப் பலகையில் தொங்குகிறது. அது இந்த ஊர்ப்பக்கத்துச் சரக்கு. நாட்டுக்கோழியும் கிடாயும் இல்லாமல் இங்கே எந்தச் சாதியின் விருந்தும் நிறையாது. கோடு கறிக்குள்ளேயே ஓடுகிறது. ஆடு, கோழி, மீன் "கவுச்சி"; செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி கழித்து மற்ற நாளில் ஆகும். மாடு மட்டும் எந்த நாளிலும் ஆகாது. ஏனென்றால் அது கறியின் பெயராக இல்லை, சாப்பிடுகிறவரின் பெயராக இருக்கிறது.

ஒரே பந்தியில் உட்காருவது பற்றித் தமிழ்நாடு நடத்திய மிகப் பெரிய சண்டையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் முன்னால் நின்றார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. சேலத்திலிருந்து "தமிழ்நாடு" பத்திரிகை நடத்தியவர். வ.வே.சு. ஐயர் காங்கிரஸ் பணமும் பெற்று நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியே சாப்பாடு என்ற செய்தி 1924 வாக்கில் வெளியே வந்தது. நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. காந்தி ஒரு சமரசம் சொன்னார்: இருக்கும் இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டுக்கொள்ளட்டும், இனி அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம். அதோடு அடங்கவில்லை. 1925 முடிவதற்குள் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். அதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் உடனடிக் காரணம் என்றாலும், சேரன்மாதேவியின் கசப்பு அதில் கலந்திருந்தது.

இந்தக் கதையைத் திராவிட இயக்க வரலாறாகப் படித்திருப்பீர்கள். இன்னொரு முறை படியுங்கள். அங்கே கேள்வி யார் யாரோடு உட்காருவது என்பதுதான். இலையில் என்ன விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. சைவச் சாப்பாடு என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் வழக்காகவே அது நடந்தது. சேரிப் பிள்ளை அந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் தன் வீட்டுச் சாப்பாட்டை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்க முடியும். சமபந்தி என்றால் மேலே இருப்பவரின் பந்திக்கு மற்றவர் ஏறுவது. அவர் நம் பந்திக்கு இறங்குவது பற்றிப் பேச்சே இல்லை.

அதே 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு. "விமோசனம்" என்ற மதுவிலக்குப் பத்திரிகை அங்கிருந்துதான் வந்தது; கல்கி அதில் உதவியாளராக இருந்தார். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக, அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அதற்குச் சொன்ன நியாயங்களில் முக்கியமானது குடும்பக் கணக்கு: கள்ளுக்குப் போகும் காசு சோற்றுக்குத் திரும்பும். பல வீடுகளில் திரும்பியும் இருக்கும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குடியால் அடிபட்ட பெண்களோடு தினமும் பேசுகிறவள் நான். ஆனால் இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் அதே அரசு விற்பனை வரி கொண்டுவந்தது என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தக் காலத்து அரிஜன சேவைப் பிரசாரத்தில் மூன்று சொல் சேர்ந்தே வரும்: குடியை விடு, செத்த மாட்டை விடு, மாட்டுக்கறியை விடு. மூன்றும் ஒன்று போலச் சொல்லப்பட்டன. ஏழையின் செலவைத் திருத்துவதும் ஏழையின் நாக்கைத் திருத்துவதும் ஒரே வேலையாகிப்போனது.

அண்ணல் அம்பேத்கர் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்தார். 1927 மார்ச் மகாட் மாநாட்டில் செத்த மாட்டின் கறியை விடும்படி அவரும் சொன்னார். அதோடு செத்த மாட்டை இழுத்துப் போடும் ஊர்ச் சேவகமும் போக வேண்டும் என்பது அதன் பொருள். மேல்சாதி ஏற்றுக்கொள்ளும் என்பதற்காக அல்ல, அந்தச் சேவகத்தின் கூலியாக வந்த கறி என்பதற்காக. 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் யார் என்ற நூலில், மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் இருக்கும் உறவை வரலாறாகவே எழுதினார். ஒரு காலத்தில் எல்லோரும் உண்டது, பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பிராமணியம் பசுவைப் புனிதமாக்கிய பிறகு, தொடர்ந்து உண்டவர்களைத் தீண்டத்தகாதவர் ஆக்கியது என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் எல்லாக் கண்ணிகளையும் இன்றைய ஆய்வாளர்கள் ஒப்புவதில்லை. ஆனால் உணவு விருப்பம் என்று நாம் சொல்வதற்குள் ஓர் ஆட்சியின் வரலாறு இருக்கிறது என்று காட்டியவர் அவர்.

1936இல் எழுதிய "சாதி ஒழிப்பு" உரையில், சமபந்தி போதாது என்றார். பல சாதிகள் சேர்ந்து உண்பதைப் பார்த்துவிட்டோம், சாதி சாகவில்லை. கலப்பு மணமே மருந்து என்றார். தொண்ணூறு வருடம் கழித்து சங்ககிரிச் சாலையில் நான் பார்ப்பது அதன் மறுபக்கம். மணம் நடந்துவிட்டது, பந்தி இன்னும் நடக்கவில்லை.

சரி, கணக்குக்கே வருவோம். உண்மையாகவே சிக்கனம்தான் காரணம் என்றால் பரணுக்குப் போக வேண்டிய சட்டி எது? இன்றைக்கும் மாட்டுக்கறி ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லை. பிராய்லர் கோழி நாமக்கல் பண்ணைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கும்வரை, கூலிக்காரரின் கைக்கு எட்டிய கறி மாட்டுக்கறி ஒன்றுதான். இரும்பும் புரதமும் பி12 சத்தும் சேர்ந்து அந்த விலைக்கு வேறு எதிலும் வராது. பருப்பில் பி12 கிடையாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நூல் மில்லில் நின்று வேலை பார்க்கும் அந்தப் பெண்ணும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்தான். வீட்டில் மலிவான இரும்பு பரணில் இருக்கிறது. (அவரைச் சாப்பிட வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது அவர் விருப்பம். "செலவு" என்ற சொல்லை மட்டும் திருப்பிக் கேட்கிறேன்.)

அரசு எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும். மதிய உணவைப் பாருங்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் தட்டுக்கு முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். யாரோ ஒரு பிள்ளை சாப்பிடாது என்பதற்காக மற்றவர் தட்டிலிருந்து முட்டையை எடுக்கவில்லை. பட்ஜெட் இறுக்கமான கூட்டுச் சமையலில் இரண்டு வழக்கத்தையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று நம் கண்முன் நடக்கும் சாட்சி இது. இந்த முட்டைக்குள்ளும் சாதி நுழையாமல் இல்லை. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் பாப்பாள் என்ற அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதே அரிசி, அதே முட்டை. கைதான் பிரச்சினை.

மறுபக்கம், 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு ஏற்பாடு செய்த பிரியாணித் திருவிழா. மாட்டுக்கறி பிரியாணிக்குப் பேர் போன அந்த ஊரில் மாட்டுக்கறி இல்லாமல் விழா நடத்தத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது, விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிப்போனது. எல்லோரும் வருகிற விழா, அதனால் ஒரு சட்டியை எடுத்துவிடலாம் என்பதுதான் அங்கும் தர்க்கம். அந்த வாடகை வீட்டின் தர்க்கமும் அதுவே.

ரேஷன் கதை இன்னும் நேரடியானது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இறுக்கமான வீட்டுக்கு இதுதான் முதுகெலும்பு. ஆனால் புதுக் கார்டு வாங்க, பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அந்தக் கார்டு ஓடிப்போன மகளைத் தலைமுழுகிய அப்பாவிடம் இருக்கிறது. குறுஞ்செய்தி போவதும் அவர் போனுக்கே. இதற்காக அலைந்து அலைந்து ஒரு வருடம் கடைவிலைக்கு அரிசி வாங்கிய தம்பதிகளைத் தெரியும். கலப்புத் திருமணத்துக்கு அரசு உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் கொடுக்கிறது. அந்தத் தங்கத்தை அடகு வைத்து அரிசி வாங்கியவர்களும் உண்டு. உதவித்தொகை மனுவோடேயே ரேஷன் கார்டையும் முடித்துக்கொடுக்க என்ன தடை? இளந்தோழர்கள் மனு எழுத வேண்டிய இடம் இது.

இதையெல்லாம் அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால், இந்தச் சாலையின் மறுமுனையை நினைத்துப் பாருங்கள். ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தது மட்டுமே காரணம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முதல் குற்றவாளி யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆணும் பெண்ணும் சரிபாதி என்று சிலை நிற்கும் கோவில் அது. அந்தப் பகுதியில் ஒரு வீட்டுக்குள் இருவர் சேர்ந்து உயிரோடு வாழ்வதே பெரிய காரியம். அதனால்தான் அவர் தன் சட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் அப்பா அம்மாவை விட்டு வந்தாள், நான் ஒரு கறியை விட மாட்டேனா என்றார் என்னிடம். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அன்பில் விட்டது எது, பயத்தில் விட்டது எது என்று வெளியாள் பிரித்துச் சொல்ல முடியாது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் போயிருந்தேன். பரணிலிருந்த சட்டி அடுப்பில் இருந்தது. கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தார். மாதம் இரண்டு ஞாயிறு என்று பேசி வைத்திருக்கிறார்களாம். அன்றைக்குத் தனக்கு முட்டைத் தொக்கு. சிலிண்டர் கணக்கு என்னாச்சு என்றேன். "அது இரண்டு நாள் முன்னாடி தீருது, தீரட்டும்" என்றார். மசாலாவைத் தானே அரைத்துக் கொடுக்கிறார். உப்புப் பார்ப்பது மட்டும் அவர் வேலை.