கீமோ எடுத்தால் முடி ஏன் கொட்டுகிறது? - பதில் உங்கள் செல்லுக்குள் இருக்கிறது!

கட்டி இருப்பது மார்பகத்தில். மருந்து ஏறுவது கை நரம்பில். ஆனால், இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பது தலைமுடி. சம்பந்தமே இல்லாத முடி மீது மருந்துக்கு அப்படி என்ன கோபம்?

கீமோதெரபி எடுக்கும் ஒருவரை நம் வீட்டிலோ, தெருவிலோ, ஆபீஸிலோ பார்த்திருப்போம். ''ரொம்ப சூடான மருந்து, அதான் முடி கொட்டுது'' என்பார் பக்கத்து வீட்டு அக்கா. ''முடி கொட்டினாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்'' என்பார் தூரத்துச் சொந்தம் ஒருவர். இரண்டுமே தப்பு. உண்மையான காரணம், ஸ்கூல்ல எல்லோரும் படிச்சு, பரீட்சை முடிந்த கையோடு மறந்துபோன ஒரு பாடத்தில் இருக்கிறது. அதுதான் செல் பிரிதல். கையில் வைத்திருக்கிற செல் இல்லை பாஸ், உடம்பில் இருக்கிற செல்!

செல்லுக்குள் ஒரு ரவுண்டு

1665-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கார்க் துண்டு ஒன்றை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அறை என்ற அர்த்தத்தில்தான் 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது காலி அறைகளை. உயிருள்ள செல் காலியாக இருக்காது.

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முடிவுசெய்வது அதுதான். உள்ளே கூழ் போன்ற சைட்டோபிளாசம். அதில்தான் மற்ற உறுப்புகள் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா, நாம் சாப்பிட்டதைச் செல் பயன்படுத்தக்கூடிய சக்தியாக மாற்றுகிறது. ரைபோசோம் புரதம் தயாரிக்கிறது. கோல்கை உறுப்பு அந்தப் புரதத்தைப் பிரித்து, பேக் செய்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது. லைசோசோம் கழிவுகளைச் சிதைக்கிறது.

நடுவில் இருக்கும் உட்கருவுக்குள் இருப்பது டி.என்.ஏ. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ மொத்தத்தையும் நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். நம் உயரத்தைவிட அதிகம்! அது 46 குரோமோசோம்களாக, கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றுதான் பல வருடங்கள் பாடப் புத்தகங்களில் எழுதிவைத்திருந்தார்கள். 46 என்று சரியாக எண்ணி, ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவனும் வெளியிட்டது 1956-ல்தான்.

இன்னொரு உறுப்பையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நுண்குழல்கள். செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய குழாய்கள் இவை. டியூபுலின் என்ற புரதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. தேவைப்படும்போது கட்டலாம், வேலை முடிந்ததும் கலைக்கலாம். முடி கொட்டும் கதையில் இதுதான் முக்கியப் பாத்திரம்.

ஒன்று இரண்டாவது எப்படி?

பிரிய முடிவுசெய்த செல், முதலில் தன் டி.என்.ஏ முழுவதையும் இன்னொரு காப்பி எடுக்கும். பிறகுதான் மைட்டாசிஸ் என்கிற மறைமுகப் பிரிவு. 1882-ல் ஜெர்மனியைச் சேர்ந்த வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டரின் செல்களுக்குச் சாயமேற்றி இதைப் படிப்படியாக வரைந்து காட்டினார்.

புரோஃபேஸ்: நூல் போலக் கிடந்த டி.என்.ஏ இறுக்கமாகச் சுருண்டு, தனித்தனிக் குரோமோசோம்களாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொன்றும் அசலும் நகலும் இடுப்பில் ஒட்டிய ஜோடி.

மெட்டாஃபேஸ்: செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் நுண்குழல்கள் கயிறு போல நீண்டு வந்து, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். எல்லா ஜோடிகளும் நடுவில் வரிசையாக நிற்கும்.

அனாஃபேஸ்: கயிறுகள் சுருங்கி இழுக்க, ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும்.

டீலோஃபேஸ்: இரண்டு பக்கமும் புது உட்கரு உருவாகும். பிறகு நடுவில் இடுப்பு சிறுத்து, செல் இரண்டாகும்.

ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்லுக்கு, தயாராவதிலிருந்து பிரிவது வரை சுமார் 24 மணி நேரம் ஆகும். அதில் மேலே சொன்ன நான்கு கட்டமும் சேர்த்து சுமார் 1 மணி நேரம்தான். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கடைசிக் குரோமோசோமையும் கயிறு பிடிக்கும்வரை செல் அடுத்த கட்டத்துக்குப் போகாது, காத்திருக்கும். ரொம்ப நேரம் காத்திருந்தும் முடியவில்லையென்றால், பெரும்பாலும் அந்த செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

எல்லா செல்லும் ஒரே வேகம் இல்லை!

மூளையின் நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகு பிரிவதே இல்லை. ஆனால், குடலின் உள்பக்கத் தோல் நான்கைந்து நாள்களில் புதுசாகிவிடும். எலும்பு மஜ்ஜை, ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைத் தயாரிக்கிறது. இந்த வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பல லட்சம் ரெடி!

இந்த வேகக்காரர்கள் பட்டியலில் முன்வரிசையில் இருப்பதுதான் முடியின் வேர். தலையில் இருக்கும் சுமார் 1 லட்சம் முடிகளில், எந்த நேரத்திலும் 85 முதல் 90 சதவிகிதம் வளர்ந்துகொண்டே இருக்கும். வெளியே தெரியும் முடி உயிரற்றது. வேரில் இருக்கும் செல்கள் ஓயாமல் பிரிந்து கீழிருந்து தள்ளுவதால்தான் அது மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் நீளுகிறது.

பிரேக் பிடிக்காத செல்

வேகமாகப் பிரிவது நோயில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் பிரிவதுதான் நோய். விரலில் கத்தி பட்டால் பக்கத்து செல்கள் பிரிந்து இடைவெளியை நிரப்பும். நிரம்பியதும் நின்றுவிடும். இந்த 'போ', 'நில்' கட்டளைகளை நடத்தும் புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பி53 என்ற புரதம் முக்கியமான பிரேக். டி.என்.ஏ-வில் பழுது இருந்தால், 'சரி பண்ணிட்டுப் போ' என்று நிறுத்தும். சரிசெய்யவே முடியாது என்றால் அந்த செல்லைச் சாகவைக்கும். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில், இந்த பி53-க்கான மரபணுவே பழுதாகியிருக்கிறது. பிரேக் போன பிறகு, பழுதான செல் தன்னைப் போலவே பழுதான செல்களை உருவாக்கிக்கொண்டே போகும். அதுதான் கட்டி.

நித்யகல்யாணி செய்த வேலை

தொட்டியிலும், சாலையோரத்திலும், சுடுகாட்டுப் பக்கத்திலும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்குமே, நித்யகல்யாணி... அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் இலைச்சாற்றை எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. குறைந்தது வெள்ளையணுக்கள்! அப்படியென்றால், வெள்ளையணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது மருந்தாகுமா என்ற கேள்வி வந்தது. 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இந்த மருந்துகள் செய்வது ஒரே ஒரு வேலைதான். டியூபுலினைப் பிடித்துக்கொண்டு, நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்கின்றன. கயிறு இல்லை, குரோமோசோமை இழுக்க ஆள் இல்லை. செல் பாதி வழியில் நின்று, கடைசியில் சாகிறது.

குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில், 1960-களில் பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே கஷ்டம். வின்கிரிஸ்டினும் வேறு சில மருந்துகளும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையால், இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் நித்யகல்யாணியை மானாவாரியாகப் பயிரிட்டு, காய்ந்த இலையும் வேரும் விற்பது இந்த மருந்துச் சந்தைக்காகத்தான்.

'அப்போ வீட்டுச் செடியைப் பறிச்சு கஷாயம் போடலாமா?' கூடவே கூடாது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. அந்த இலையில் வேறு பல நச்சுப் பொருள்களும் இருக்கின்றன. வெறும் இலை மருந்தில்லை, விஷம்.

இப்போது முடிக்கு வருவோம்

வழக்கமான கீமோ மருந்துகள் பல வகை. சில கயிற்றைத் தடுக்கும், சில டி.என்.ஏ-வையே உடைக்கும், சில காப்பி எடுக்கத் தேவையான மூலப்பொருளை நிறுத்தும். பொதுவான அம்சம், பிரிகிற செல்லைத்தான் அதிகம் தாக்கும். பிரிகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்காது. அதனால்தான் வேகமாகப் பிரியும் முடி வேரும் மாட்டிக்கொள்கிறது.

மற்ற பக்க விளைவுகளுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். வாயின் உள்தோல் புதுப்பிக்கப்படாததால் வாய்ப்புண். குடல் பாதிப்பதால் வயிற்றுப்போக்கு. மஜ்ஜை பாதிப்பதால் ரத்த சோகையும் தொற்றும். வின்கிரிஸ்டின் எடுப்பவர்களுக்கு விரல்கள் மரத்துப்போவது மட்டும் வேறு காரணம். நரம்பு செல் பிரியாது. ஆனால், நீளமான தன் வாலுக்குள் சரக்கு அனுப்ப அது நுண்குழல்களைத்தான் தண்டவாளமாகப் பயன்படுத்துகிறது. தண்டவாளம் கெட்டால் கடைசி ஸ்டேஷனான விரல் நுனிக்குத்தான் முதலில் அடி.

தெரிந்துகொள்ள வேண்டியவை

முடி கொட்டவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லையா? இல்லை. எல்லா மருந்தும் முடியைக் கொட்டவைக்காது. மருந்து கேட்கிறதா என்பதை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும்.

காய்ச்சல் வந்தால்? கீமோ காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, காத்திருக்காமல் உடனே மருத்துவமனை போக வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது சின்னத் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் மாத்திரை போட்டுவிட்டுப் படுக்கிற விஷயமில்லை.

பின்னாளில் குழந்தை? விந்தணுவும் கருமுட்டையும் மியாசிஸ் என்ற குன்றல் பிரிவில் உருவாகின்றன. 46 குரோமோசோம்கள் பாதியாகி 23 ஆகும் பிரிவு இது. சில கீமோ மருந்துகள் இந்த செல்களையும் பாதிக்கும். எனவே, இளம் வயதினர் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே விந்தணு அல்லது கருமுட்டையை உறையவைத்துப் பாதுகாப்பது பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிட்டால், பிறகு வாய்ப்பு இல்லாமல் போகலாம்.

முடியைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? ஊசி ஏறும்போது தலையைக் குளிர்விக்கும் தொப்பி சில மருத்துவமனைகளில் இருக்கிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வேருக்குப் போகும் மருந்து குறையும். எல்லோருக்கும் பலன் தராது. ரத்தப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்துவதில்லை.

கொட்டிய முடி திரும்ப வருமா? பெரும்பாலானவர்களுக்கு வரும். முடிக்குழியின் ஒரு ஓரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. இவை அபூர்வமாகத்தான் பிரியும். மருந்து பிரிகிறவர்களைத் தேடி அலையும்போது, இவை சும்மா இருந்தே தப்பித்துவிடுகின்றன. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் விழித்து, மறுபடி புது வேரை உருவாக்கும். ஆரம்பத்தில் முடி சுருட்டையாகவோ, நிறம் மாறியோ வரலாம், பயப்பட வேண்டாம். மாதம் 1 சென்டிமீட்டர் என்ற அதே பழைய வேகத்தில் வளர்ந்துவிடும்!