தமிழ்த் தனியிசைப் பதிவுகள்

தமிழ்த் தனியிசை என்பது திரைப்படத்துக்காக அல்லாமல் தனியே எழுதி, மெட்டமைத்து, பதிவுசெய்து வெளியிடப்படும் பாடல்களைக் குறிக்கும். நாட்டார் பாடல், கானா, ராக், ராப் ஆகியவையும் இவை கலந்து பிறந்த வடிவங்களும் இதில் அடங்கும். இளைய ரசிகர்கள் 'இண்டி' என்று சொல்வதும் இதைத்தான். சினிமாப் பாட்டின் பெருவெள்ளத்தில் இந்தப் பதிவுகள் பல காலம் கண்ணில் படாமலே கிடந்தன. அவற்றுள் இன்றும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும்: அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு மண்ணைப் பற்றியவை. தமிழ்த் தனியிசையின் உயரங்களெல்லாம் நிலத்தைப் பாடியபோது எட்டப்பட்டவையே.

முன்னோடிகள்

இலங்கையில் 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே', தமிழ்ப் பொப் இசையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பைலா தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சு துள்ளி ஓடும் அந்தப் பாட்டு, கல்யாண வீடுகளிலும் பேருந்துகளிலும் புகுந்தது. 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரன் அதே பாணியைத் தமிழகம்வரை கொண்டுவந்தார்.

தமிழகத்தில் தனியிசையை வளர்த்தவை மேடைகள். நாகூர் இ. எம். ஹனிபா திராவிட இயக்க மாநாடுகளிலும் தர்காக்களிலும் பாடியே பெரும்புகழ் பெற்றார். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் கிராமம் கிராமமாகப் பாட்டுச் சேகரித்து மேடையேற்றினார்கள். விஜயலட்சுமிக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த கே. ஏ. குணசேகரன், 'தன்னானே' கலைக்குழுவுடன் ஊர் ஊராகப் பாடினார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' குணசேகரனின் குரலில்தான் தலித் மக்களின் எழுச்சிப் பாட்டானது. நாட்டார் மெட்டில் அரசியலை ஏற்றினால் கலை நீர்த்துப்போகும் என்று சொல்பவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும். இன்குலாப், குணசேகரன் இருவரும் 2016இல் மறைந்தார்கள். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடியதற்காக 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைதானார். ஒரு பாட்டுக்கு அரசு இவ்வளவு அஞ்சியது அந்தப் பாட்டை இன்னும் பல மடங்கு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ராக், ராப்

சென்னையின் ராக் குழுக்கள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பாடின. தி எஃப்16ஸ் குழுவின் 'ட்ரிகர்புங்க்டே' (2016) அவற்றுள் கவனிக்கத்தக்கது. தாய்மொழியில் ராக் எடுபடும் என்பதை 2008இல் மலையாளக் குழுவான அவியல் காட்டியது. தமிழில் அந்தோணிதாசன், பிரதீப் குமார், தர்புகா சிவா சேர்ந்த லா பொங்கல் குழு, தஞ்சை வட்டாரத்து நாட்டுப்பாட்டுக்குக் கிட்டாரைத் துணையாக்கியது. அங்கே மேலோங்கி நின்றது அந்தோணிதாசனின் தொண்டைதான். மற்றவர்கள் அதற்கு இடம்விட்டு வாசித்தார்கள். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' (2006) தமிழ் ராப்புக்கு வாசல் திறந்தது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம். ஐ. ஏ., தம் தாயின் பெயரிட்ட 'கலா' (2007) தொகுப்பில் உறுமி மேளத்தை உலகம் முழுதும் ஒலிக்கச் செய்தார்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற எண்ணமே குழுவின் பெயர். சாவு வீடுகளில் பிறந்து வளர்ந்த வடசென்னைக் கானா, பறை, ராக் கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில் சமமாக நின்றன. இட ஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் இவர்கள் வாயில் கொண்டாட்டப் பாட்டாயின. குழுவின் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழா, சபாக்களின் பருவத்திலேயே ஒப்பாரிக்கும் கானாவுக்கும் பெருமேடை அமைத்தது.

இதே குழுவின் அறிவு, 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் கோடிக்கணக்கானோரை எட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. நிலமற்றவர்கள் நிலத்துக்கு உரிமை கோரும் குரல் அதில் ஒப்பாரியும் ஆட்டமுமாக ஒலிக்கிறது. பின்னர் ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் படம் விடுபட்டது; பாட்டு யாருடையது என்ற சர்ச்சை எழுந்தது; வருமானம் வந்துசேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். அறிவு அதே ஆண்டில் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார்.

புறம்போக்கும் பரவனாறும்

கபேர் வாசுகி எழுதி, ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்து, கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 ஜனவரியில் வெளிவந்தது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கிருஷ்ணா பாடுகிறார். ஊருக்குப் பொதுவான நீர்நிலையும் மேய்ச்சலும் எப்படி யாருக்கும் வேண்டாத இடமாகிப்போயின என்பதே பாட்டின் பொருள். மெட்ராஸ் பேச்சுத் தமிழைச் செவ்வியல் ராகத்தில் பாடலாமா என்று சிலர் முகஞ்சுளித்தார்கள். ராகத்துக்கு அது ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சுக்கோ ராகம் புதுக் கம்பீரம் தந்தது. கபேர் வாசுகி டென்மாவுடன் நடத்திய 'குரங்கன்' பாடல்களை இதைவிட மேலாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. அவற்றில் கிட்டாரும் கிண்டலும் கூடுதல். ஆனால் நெஞ்சில் தங்குவது புறம்போக்குப் பாட்டே.

எண்ணூரில் சாம்பல் என்றால் கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரி. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் 2023 ஜூலை 26 அன்று, நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயல்களில் பொக்லைன் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்கத்தை நடத்தும் என்எல்சி நிறுவனம். இழப்பீடும் வேலையும் சரிவரக் கிடைக்கவில்லை என்றார்கள் உழவர்கள். அறுவடைக்கு முன்னே பயிர் மண்ணோடு புரண்டதைத் தொலைக்காட்சியில் தமிழகமே பார்த்தது. எண்ணூருக்கும் வடசென்னைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் பாட்டு கிடைத்ததுபோல், நடவுப்பாட்டும் தெருக்கூத்தும் பறையும் செழித்த இந்த மண்ணுக்கும் அதே உயரத்தில் ஒரு பதிவு வர வேண்டும். அதற்கான குரல்கள் இந்த ஊர்களின் கூத்து மேடைகளிலேயே இருக்கின்றன.