‘வெளியே போகாத!’: பிள்ளைகள் தாங்களாகவே விளையாடும் நேரம் குறைந்தால் மனநலம் என்ன ஆகும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீட்டுக்குள் வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடிய தலைமுறை ஒன்று இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், "போதும், வீட்டுக்கு வா" என்று வாசலில் இருந்து ஒரு குரல் வரும். அதுவரை எங்கே இருந்தாய், யாரோடு விளையாடினாய் என்று யாரும் கேட்டதில்லை. இன்று அதே நேரத்தில் டியூஷன், அபாகஸ், கராத்தே வகுப்பு. எதுவும் இல்லாத நாளில் கையில் செல்போன்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி வட்டாரத்தில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொத்தமங்கலம். இது போன்ற செட்டிநாட்டு ஊர்களில் விளையாட இடத்துக்குப் பஞ்சம் கிடையாது. அகலமான தெரு, நீளமான திண்ணை, ஊருணிக்கரை, கோயில் வாசல் பொட்டல் எல்லாம் இருக்கின்றன. ஆனால், இடம் இருந்தால் மட்டும் போதுமா? பிள்ளைகளைத் தனியாக விளையாட விடுவது உண்மையிலேயே மனதுக்கு நல்லதா? விட்டால் ஆபத்து இல்லையா?

‘சுதந்திர விளையாட்டு’ என்றால் என்ன?

பெரியவர்கள் ஏற்பாடு செய்யாமல், நடத்தாமல், குறுக்கிடாமல் பிள்ளைகள் தாங்களே தொடங்கி தாங்களே முடிக்கும் விளையாட்டைத்தான் உளவியலாளர்கள் சுதந்திர விளையாட்டு என்கிறார்கள். கிரிக்கெட் கோச்சிங் இதில் சேராது. அங்கே விதியைச் சொல்பவர் கோச், சண்டையைத் தீர்ப்பவரும் கோச்.

கிட்டிப்புள் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சா பூ த்ரி’ போட்டு அணி பிரிப்பது, எல்லை எது என்று முடிவு செய்வது, புள் ஊருணிக்குள் விழுந்தால் ‘அவுட்’டா இல்லையா என்று வாதாடுவது, ‘அழுகுணி ஆட்டம்’ ஆடுபவனைச் சமாளிப்பது என எல்லாமே பிள்ளைகள் பொறுப்பு. அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த நாலு வயசுத் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனுக்கு அவுட் கிடையாது, ஆனால் அவனும் ஆட்டத்தில் உண்டு. சின்னவனை ஒதுக்காமல் ஆட்டமும் கெடாமல் பார்த்துக்கொள்ள பிள்ளைகளே வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கிரே, மானுடவியலாளர் டேவிட் லான்சி, உளவியலாளர் டேவிட் பியோர்க்லண்ட் ஆகிய மூவரும் 2023-ல் ‘ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளின் சுதந்திரமான செயல்பாடு குறைந்துகொண்டே வந்ததுதான், அவர்களிடையே பதற்றமும் மனச்சோர்வும் கூடியதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். விளையாட்டு மட்டும் இதில் அடங்கவில்லை. தனியாகக் கடைக்குப் போவது, பள்ளிக்கு நடந்து போவது, வீட்டு வேலையில் ஒன்றைத் தன் பொறுப்பில் செய்வது எல்லாமே இதில் சேரும்.

சுதந்திரம் எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதற்கு இங்கிலாந்து கணக்கு ஒன்று உண்டு. அங்கே 1971-ல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதமாகச் சரிந்தது. அப்போது ஸ்மார்ட்போன் என்ற ஒன்றே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சுமார் 2,500 பேரிடம் விவரம் கேட்டது. மரம் ஏறுவது, வேகமாக சைக்கிள் ஓட்டுவது போன்ற, கொஞ்சம் ‘திக் திக்’ என்று இருக்கும் விளையாட்டில் அதிக நேரம் செலவிட்ட பிள்ளைகளிடம் பதற்றம், மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். இதுதான் ஒரே காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. படிப்பு அழுத்தம், குடும்பச் சூழல், வறுமை, தூக்கக் குறைவு என்று பிள்ளைகளின் மனநலத்தைப் பாதிப்பவை பல. நம் நாட்டில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள்.

மனதுக்குள் என்ன நடக்கிறது?

முதல் விஷயம், ‘என் வாழ்க்கை என் கையில்’ என்ற உணர்வு. தன் பிரச்னையைத் தன்னால் தீர்க்க முடியும் என்று நம்புபவருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு குறைவு. அமெரிக்க மாணவர்களிடம் 1960 முதல் 2002 வரை எடுக்கப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2002-ன் சராசரி மாணவர், 1960-களின் தொடக்கத்தில் இருந்த மாணவர்களில் 80 சதவீதம் பேரைவிட, ‘எல்லாம் வெளியில் இருந்து நடக்கிறது, என்னால் ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம் கூடியவராக இருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் போடும் அட்டவணையில் ஓடும் பிள்ளைக்குத் தானாக முடிவெடுத்துப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை.

இரண்டாவது, பயத்தோடு பழகுவது. மரத்தில் ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது. கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. படபடப்பு வந்தால் போய்விடும் என்பதை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில் ஒரு வியப்பான முடிவு கிடைத்தது. 5 முதல் 9 வயதுக்குள் விழுந்து அடிபட்டவர்களிடம் 18 வயதில் உயரத்தைப் பார்த்துப் பயப்படுவது அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தது.

மூன்றாவது, சண்டை போட்டுச் சமாதானம் ஆவது. தெரு விளையாட்டில் யார் வேண்டுமானாலும் "நான் வரல, போ" என்று கிளம்பிவிடலாம். ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் ஆட்டம் தொடர வேண்டுமென்றால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

செட்டிநாட்டுத் திண்ணை சொல்லும் பாடம்

அப்படியென்றால் அந்தக் காலத்தில் பிள்ளைகளை யாருமே பார்க்கவில்லையா? பார்த்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இதற்குச் சாட்சி. முகப்பில் தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே வெளிச்சம் இறங்கும் வளவு, முன்வாசலில் நின்றால் உள்கட்டுகள் வரை தெரியும்படி நேர்கோட்டில் அமைந்த கதவுகள். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஐயாவும் ஆயாவும் தங்கள் பேச்சில் இருந்தார்கள், ஆனால் காது தெருவில் இருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்ப மாட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் எழுந்து வருவார்கள். கண் இருந்தது, கட்டளை இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் எழுதிய நகர வாழ்க்கை பற்றிய நூலில், தெருவைப் பாதுகாப்பது ‘தெருவைப் பார்க்கும் கண்கள்’தான் என்றார். ஜப்பானில் 1991 முதல் ஒளிபரப்பாகி, 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போன ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சின்னஞ்சிறு பிள்ளைகள் முதன்முறையாகத் தனியாகக் கடைக்குப் போவார்கள். படக்குழு மறைந்து நின்று பார்க்கும், ஆனால் பிள்ளைக்குப் பதிலாக எதையும் செய்யாது. இதுவும் திண்ணைக் கணக்குத்தான்.

இன்று செட்டிநாட்டில் பல பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வந்து திறக்கிறார்கள். திண்ணை இருக்கிறது, உட்கார ஆள் இல்லை. தெருவில் கண்கள் குறைந்த பிறகு, பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெற்றோரின் பயம் நியாயமா?

ஒரு பகுதி நியாயம்தான். "கம்மாப் பக்கம் போகாத" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண் அள்ளிய பள்ளத்தை மழைத் தண்ணீர் மூடிவிட்டால், கரையில் நிற்கும் பிள்ளைக்கு ஆழம் தெரியாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது.

‘பிள்ளை பிடிக்கிறவங்க’ பற்றிய பயம் வேறு ரகம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அடித்தே கொன்றது. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளிலோ, பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. வாசல் கதவைச் சாத்துவது மட்டும் இதற்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்லவும், வீட்டில் வந்து சொல்லவும் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும்.

சவால் வேறு, ஆபத்து வேறு

கனடா குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. பிள்ளை தானே பார்த்து, தானே கணித்து முடிவெடுக்கக்கூடியது சவால். எந்தக் கிளை வரை ஏறலாம், எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பவை இந்த வகை. பிள்ளையால் பார்க்கவோ கணிக்கவோ முடியாதது ஆபத்து. மூடாத கிணறு, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, சேறு மறைத்த பள்ளம், இடிந்து விழும் நிலையில் இருக்கும் பழைய சுவர் ஆகியவை இரண்டாம் வகை.

சவாலைப் பிள்ளையிடம் விட வேண்டும். ஆபத்தை அகற்றுவது பெரியவர்கள் வேலை. இப்போது பல ஊர்களில் நடப்பது தலைகீழ். கிணறு திறந்தே கிடக்கிறது, பிள்ளை வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலை?

பையன்களுக்குத் தெரு கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. "வயசுக்கு வந்தாச்சு, இனி என்ன விளையாட்டு?" என்ற ஒரு வார்த்தையில் நொண்டியும் கண்ணாமூச்சியும் நின்றுபோகின்றன. பதின்ம வயதில் பதற்றமும் மனச்சோர்வும் ஆண் பிள்ளைகளைவிட பெண் பிள்ளைகளிடம் அதிகம் என்பது உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட ஒன்று. தோழிகளோடு பெரியவர் காதில் விழாமல் பேசிச் சிரிக்கும் ஒரு மணி நேரம் அவர்களுக்கும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணமா?

அமெரிக்க உளவியலாளர் ஜொனதன் ஹைட் 2024-ல் எழுதிய நூலில் ஸ்மார்ட்போனையும் சமூக ஊடகத்தையும் முக்கியக் காரணமாகச் சொல்கிறார். பீட்டர் கிரே இதை முழுதாக ஏற்பதில்லை, சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்கிறார். ஆனால், பிள்ளைகள் தாங்களாக விளையாட வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. போனைப் பிடுங்கிவிட்டு வெளியேவும் விடாவிட்டால், பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

என்ன செய்யலாம்?

* சின்னதாகத் தொடங்குங்கள்: நாலைந்து வயதில் கண்ணுக்கு எட்டும் தூரம், ஏழெட்டு வயதில் குரல் கேட்கும் தூரம், அதற்குப் பிறகு பக்கத்துத் தெரு. தெருக்கோடிக் கடைக்குப் போய் கால் கிலோ சர்க்கரை வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டு வருவதும் ஒரு பயிற்சிதான்.
* நாலு வீடு சேர்ந்து பேசுங்கள்: ஒரு பிள்ளை தனியாக வெளியே போனால் விளையாட ஆள் கிடைக்காது. மாலை 5 முதல் 6 வரை எல்லாரும் அனுப்பலாம், ஏதாவது ஒரு வாசலில் ஒரு பெரியவர் உட்காரலாம். அவர் வேலை உட்காருவது மட்டும்தான்.
* நீச்சல் கற்றுக்கொடுங்கள்: நீரில் மூழ்கும் இறப்பைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சியும், நீர்நிலைகளுக்குத் தடுப்பும் இருக்கின்றன. தடுப்பில்லாத கிணற்றையும் பள்ளத்தையும் கிராம சபையில் எழுப்பலாம்.
* பள்ளியில் கேளுங்கள்: விளையாட்டு பீரியடை கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் ‘கடன்’ வாங்கும் பழக்கம் பற்றி 2023-ல் அமைச்சர் உதயநிதி ஸ்டாலினே மேடையில் பேசினார். அந்த பீரியட் நடக்கிறதா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. குழந்தைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்று சொல்லும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை (பிரிவு 31) இந்தியா 1992-லேயே ஏற்றிருக்கிறது.
* ‘போரடிக்குது’ என்றால் பதறாதீர்கள்: உடனே போனையோ டிவியையோ கொடுக்க வேண்டாம். அடுத்த விளையாட்டை யோசிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

விளையாட்டு நல்ல பாதுகாப்பு, ஆனால் சிகிச்சை ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை யாரோடும் சேராமல் ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், பிடித்த விளையாட்டையே வேண்டாம் என்றால், ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்பது போலப் பேசினால் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 ஆகியவற்றை இலவசமாக அழைக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையும் அணுகலாம்.